நாச்சிமுத்து டீக்குப் போயிருக்கிறார்

ஜூன் 2, திங்கள்

பெயர்: கோகிலவாணி. பதவி: சர்வீஸ் பிரிவுப் பொறுப்பாளர். மாற்றத்தைப் பற்றிய என் உணர்வு: எரிச்சல்.

இந்த மூன்றையும் முதல் பக்கத்தில் நிரப்பச் சொல்லி ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். அடிக்கடி நாலு வரி எழுதி மாதக் கடைசியில் ஒப்படைக்க வேண்டுமாம். ஒப்படைப்பதற்கு வேறு நோட்டு வாங்கி, ‘மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிக்கொள்கிறேன். இது எனக்கு.

விஷயம் இதுதான். எங்கள் மோட்டார் பம்ப் கம்பெனியில் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கிறார்கள். கோயமுத்தூர், ஓசூர், மதுரை என்று எல்லாக் கிளைகளும் இனி அதற்குள்தான் வேலை பார்க்க வேண்டும். மோட்டார் ஓடவில்லை என்று ஒரு விவசாயி கூப்பிட்டால் அதில் ஓர் அட்டை திறக்க வேண்டும். யார் பார்க்கிறார்கள் என்று அட்டையில் பெயர் விழும். ‘வந்தது’, ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ என்று மூன்று கட்டங்கள். அட்டையைக் கட்டம் கட்டமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். யார் எத்தனை முடித்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

இத்தனை வருஷமும் எங்கள் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. புகார் வந்தால் மார்க்கரில் எழுதுவோம். கை ஓய்ந்திருப்பவர் எடுத்துப் பார்ப்பார், மெக்கானிக்கை அனுப்புவார், வேலை முடிந்ததும் உள்ளங்கையால் துடைத்துவிடுவார். துடைத்தது யார் என்று யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் எல்லார் கையும் நீலமாக இருக்கும். இன்று காலை அதைக் கழற்றி ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். சுவரில் ஆணிகள் மட்டும் நிற்கின்றன.

சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து வந்திருப்பவர் நிவேதன். வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

“ரொம்ப ஈஸி மேடம். வாட்ஸ்அப் மாதிரிதான்.”

“வாட்ஸ்அப்பே இருக்குதுங்களே. பொறவு இது எதுக்குங்க?”

சிரித்தார். அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று ‘எல்லார் கையும்’ என்று எழுதினேன். எங்கள் பிரிவில் கணக்குக்கு நாலு பேர். நான், ஜமீலா, ஆரோக்கியசாமி அண்ணன், நாச்சிமுத்து. உண்மையில் மூன்றே கால். அந்தக் கால்தான் நாச்சிமுத்து.

பிப்ரவரியில் அவர் மனைவி சிவகாமி வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சேலை சக்கரத்தில் சிக்கி விழுந்துவிட்டார். தலையில் அடி. ஆபரேஷன் நடந்தது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். வாய்வழியாக எதுவும் இறங்குவதில்லை, மூக்கில் குழாய். நாச்சிமுத்துவை விட்டால் பக்கத்தில் இருக்க ஆள் கிடையாது. எடுக்க வேண்டிய லீவையெல்லாம் மார்ச்சுக்குள்ளேயே எடுத்துத் தீர்த்துவிட்டார். அதற்கு மேல் வராமல் போனால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி இன்சூரன்ஸ் போகும். இன்சூரன்ஸ் போனால் சிவகாமிக்கு அந்தக் கட்டில் போகும்.

அதனால் காலையில் வந்து வருகைப் பதிவு மெஷினில் விரல் வைப்பார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு துண்டை நாற்காலி முதுகில் போட்டு, கண்ணாடிக் கூட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்புவார். ராத்திரி ஷிப்டு ஆட்கள் உள்ளே வரும் நேரத்தில் திரும்பி வந்து விரல் வைத்துவிட்டுப் போவார். நடுவில் யார் கேட்டாலும் எங்கள் பதில் ஒன்றுதான்.

“இப்பத்தானுங்க, எதுத்தாப்புல பேக்கரிக்கு டீக்குப் போனாரு.”

ரெண்டு மாதத்துக்கும் மேலாக மனுஷன் டீ குடித்துக்கொண்டே இருக்கிறார். அவர் வேலையை நாங்கள் மூவரும் பார்த்துப் பலகையில் துடைத்துவிடுவோம். சட்டப்படி இது தப்புத்தான். தப்பு என்று எழுதிவிட்டேன், போதுமா?

இந்த வழக்கம் அவருக்காக ஆரம்பித்ததும் இல்லை. அதற்கு முன்னாலும் ஒருவருக்காக இப்படி நடந்திருக்கிறது. அது யார் என்பது இந்த நோட்டுக்குத் தேவையில்லை.

ஜூன் 5, வியாழன்

ஆரோக்கியசாமி அண்ணனுக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மூன்றாவது தடவை.

ஜூன் 6, வெள்ளி

இந்தச் சனியனில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. ஆள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தால் பச்சை. எழுந்து போய்விட்டால் சற்று நேரத்தில் மஞ்சள். நாச்சிமுத்துவின் பெயர் காலையிலிருந்து மஞ்சளாகவே கிடந்தது. டீக்குப் போனவர்களும் மஞ்சள்தான், ஆனால் யாரும் நாள் முழுக்க மஞ்சளாக இருக்க மாட்டார்கள்.

அவர் மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மவுஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவது என்று பேசி வைத்தோம். ஆளாளுக்குத் தேவையில்லாமல் எழுந்து நடந்தோம். ஜமீலாவின் காலில் கட்டியிருக்கும் அந்த ஸ்டெப் எண்ணும் கடிகாரத்துக்கே சந்தேகம் வந்திருக்கும். கையில்தான் கட்டியிருக்கிறாள், கோபத்தில் மாற்றி எழுதிவிட்டேன்.

மத்தியானம் ஆரோக்கியசாமி அண்ணனுக்கு நடந்து நடந்து முழங்கால் வலித்துவிட்டது. தன் டிபன் பாக்ஸைத் தூக்கி நாச்சிமுத்துவின் கீபோர்டு மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் எல்லாக் கிளைகளும் பார்க்கும் பொது அரட்டையில் நாச்சிமுத்துவின் பெயரில் ‘க’ என்ற எழுத்து பக்கம் பக்கமாகப் போயிருக்கிறது. மதுரையிலிருந்து ஒருவர் “என்ன சார் சிரிப்பு?” என்று கேட்டிருந்தார். நிவேதன் அதற்குக் கட்டைவிரல் போட்டு, “புதிதாக முயன்று பார்க்கும் நாச்சிமுத்து சாருக்கு வாழ்த்துகள்” என்று எழுதியிருந்தார்.

அண்ணனைத் திட்டலாம் என்று திரும்பினால் அவர் டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

அட்டைகளுக்கு நிவேதன் வைத்திருந்த நிறங்கள் எதற்கும் உதவாது. அவசரம், சாதாரணம் என்று ரெண்டே ரெண்டு. போர்வெல் மோட்டார் நின்றால் அந்த வீட்டில் மாடு கன்றுக்குக்கூடத் தண்ணீர் இருக்காது. கிணற்று மோட்டார் என்றால் ரெண்டு நாள் பொறுக்கலாம். இது அவருக்கு எப்படித் தெரியும்? நானே நிறங்களை மாற்றி வைத்தேன். ஊர்வாரியாகப் பிரிக்கவும் வழி இருந்தது, அதையும் செய்தேன். உதவிப் பக்கங்களை அடிவரை படித்தால்தான் அந்த வழி தெரிகிறது. எரிச்சலில் படித்ததுதான்.

ஓசூர்க்காரர்கள் என் நிறங்களை அப்படியே எடுத்துக்கொண்டார்களாம். எடுத்துக்கொள்ளட்டும். நான் ஒன்றும் சந்தோஷப்படவில்லை.

ஜூன் 16, திங்கள்

எதிர்பார்த்தது வந்துவிட்டது. நிவேதன் வந்து நின்றார்.

“மேடம், நாச்சிமுத்து சார் எப்பவும் ஆன்லைன்ல இருக்காரு. ஆனா அவர் பேர்ல ஒரு கார்டுகூட குளோஸ் ஆகலயே. ஏதாவது கஷ்டப்படறாரா? நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரட்டுமா?”

“வேண்டாமுங்க. அவிய கொஞ்சம் கூச்சப்படுவாங்க. நானே சொல்லித் தாரேன்.”

“இப்ப எங்க அவரு?”

ஜமீலா தலை நிமிராமலே சொன்னாள். “டீக்குப் போயிருக்காருங்க.”

சாயங்காலம் நாச்சிமுத்து விரல் வைக்க வந்தபோது பாஸ்வேர்டைக் கேட்டோம். சொல்லவே வெட்கப்பட்டார். மனைவி பெயர்தான். நாளையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவர் பெயரில் வேலையை முடிப்பது என்று முடிவு.

“உங்குளுக்குத்தான் ரெட்டச் சோலி,” என்றார்.

“போச்சாது, உடுங்க,” என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டில் நானும் மகள் நறுமுகையும்தான். கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில், மாவு அரைப்பது என்று எல்லாவற்றுக்கும் தினமும் சண்டை. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாஃப்ட்வேரின் இலவச வடிவத்தைப் போனில் இறக்கி, வீட்டுக்கு மூன்று கட்டம் போட்டு, அவள் பெயரில் நாலு அட்டை திறந்துவைத்தேன்.

“ஏம்மா, தெனமும் இதப் பேசியே சாப்பாட்ட ஆற வெக்கறீங்க. இப்ப வீட்டுக்கும் கொண்டாந்துட்டீங்களா?”

“எதிரியத் தெரிஞ்சு வெச்சுக்கோணும் கண்ணு.”

மாவு அட்டை இன்னும் ‘வந்தது’ கட்டத்திலேயே கிடக்கிறது.

ஜூன் 28, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிவகாமி கண் திறந்திருந்தார். என்னைத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை, ஆனால் என் வளையலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தினமும் காலையில் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் வந்து ஒரு துளித் தண்ணீரை ஸ்பூனில் வைத்து விழுங்கவைத்துப் பார்க்கிறாராம். இதுவரை ஒவ்வொரு தடவையும் இருமல் பொத்துக்கொண்டு வருகிறது. அது சரியானால்தான் குழாயை எடுப்பார்கள். அது வரைக்கும் இங்கேதான்.

நாச்சிமுத்து குழாயில் கஞ்சி விட்டுக்கொண்டே பேசினார். கை நடுங்கவே இல்லை. பழகிவிட்டது.

“அக்கா, நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிரலாம்னு பாக்கறனுங்க. எனக்காக நீங்க மூணு பேரும் மாட்டிக்கக் கூடாது.”

வயதில் அவர்தான் மூத்தவர். ஆபீஸ் பொறுப்பில் இருப்பதால் என்னை அக்கா என்பார். இன்று அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

“எழுதிக் குடுத்துட்டு இந்தக் கட்டில எங்க தூக்கீட்டுப் போவீங்க? பேசாம கஞ்சிய ஊத்துங்க,” என்றேன். சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அழுகை வந்தது.

ஜூன் 30, திங்கள்

‘மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது’ நோட்டை ஒப்படைத்தேன். நிவேதன் ரொம்ப சந்தோஷப்பட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

என்ன சொல்ல? எங்கே போய் முட்டிக்கொள்ள?

ஜூன் மாதத்தின் நட்சத்திரத்தை அறிவித்திருக்கிறார்கள். எல்லாக் கிளைகளிலும் சேர்த்து அதிகப் புகார்களை முடித்தவர், கோயமுத்தூர் சர்வீஸ் பிரிவின் நாச்சிமுத்து. ரெண்டாவது வந்தவர் மதுரையில் ஒருவர், பாவம், வெகு தூரத்தில் நிற்கிறார். நாச்சிமுத்துவின் பழைய ஐடி கார்டு படத்தைப் பெரிதாக்கிப் போட்டு மத்தாப்பு வேறு கொளுத்தியிருக்கிறார்கள். திரையில்தான்.

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். தினமும் கொஞ்சம் அவர் பெயரில் போட்டது நான். நான் குறைவாகப் போட்டுவிடுவேனோ என்று பயந்து, சொல்லாமல் தன் பங்கில் பாதியைப் போட்டது ஜமீலா. சரி, ரெண்டு பேர் போட்டால்கூட இத்தனை வராதே என்று ஆரோக்கியசாமி அண்ணனைப் பார்த்தோம். அவர் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார்.

“அண்ணா, நீங்க எவ்ளோ போட்டீங்க?”

“எல்லாமே.”

“எல்லாமேன்னா?”

“எனக்கு என்ர பாஸ்வேர்டு ஞாபகமிருக்கறதில்ல அம்மிணி. அவருது சிவகாமின்னு சுளுவா இருந்துச்சு. கேட்டு வாங்குன நாள்ல இருந்து அதுலயேதான் உள்ள போனேன்.”

அண்ணன் பெயரில் ஒன்றுமே இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவருக்கு வராது என்று எல்லாருமே முடிவுகட்டி வைத்திருந்தோம். அந்த மனுஷன் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எங்கள் எல்லாரையும்விட அதிகமாக வேலை பார்த்திருக்கிறார்.

ஜூலை 3, வியாழன்

விழாவில் நாச்சிமுத்துவுக்குப் பொன்னாடை. டீக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி நானே வாங்கிக்கொண்டேன். அத்தோடு விடவில்லை. இத்தனை வேகமாகக் கற்றுக்கொண்டவர் மற்றவர்களுக்கும் சொல்லித்தர வேண்டுமாம். நாச்சிமுத்து ஓசூருக்கும் மதுரைக்கும் போய் ஊருக்கொரு வாரம் பயிற்சி கொடுக்க வேண்டும். டிக்கெட் போட்டாகிவிட்டது.

அவருக்கு அந்தச் சாஃப்ட்வேரில் ஓர் அட்டை திறக்கக்கூடத் தெரியாது.

ஜூலை 7, திங்கள்

மத்தியானம் நிவேதன் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஒரே நேரத்தில் நாச்சிமுத்து மூன்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மூன்று புகாரை முடித்திருக்கிறார். ஒரு நாள் அல்ல, பல நாள்.

“மேடம், நாச்சிமுத்து சார்னு ஒருத்தர் நிஜமாவே இருக்காரா?”

இருக்கிறார் என்றேன். எங்கே என்றும் சொன்னேன். முதல் தடவையாக டீக்கடை வரவில்லை என் வாயில். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு லேப்டாப்பை மூடினார்.

“நான் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும் மேடம். ஆடிட் ரிப்போர்ட்ல எப்படியும் வந்துடும். எனக்கு வேற வழி தெரியல.”

“பண்ணுங்க. உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க.”

வருத்தம் இருந்தது. சும்மா சொன்னேன்.

ஜூலை 9, புதன்

ஜி.எம். வரதராஜ் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கோகிலா, நீங்க நல்ல வொர்க்கர். உங்க மூணு பேரையும் நான் தொட மாட்டேன். நாச்சிமுத்து உங்கள ஏமாத்திட்டாரு, அவர் வெளிய போறது உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள. அவர அனுப்பிட்டு விஷயத்த முடிச்சுக்கலாம்.”

“எனக்குத் தெரியுமுங்களே சார்.”

“தெரியாதுன்னு எழுதுங்கன்னுதான் சொல்றேன்.” கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “உங்க வீட்டுக்காரர் தவறினப்ப கம்பெனி உங்ககூட நின்னுச்சு. மறந்துடாதீங்க.”

“கம்பெனி மாலை கொண்டாந்துச்சுங்க,” என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

கம்பெனி மாலை கொண்டுவந்தது உண்மை. நல்ல மாலை, ரோஜா. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க நான் தினமும் ஆபீசுக்கு வந்தேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், ஜன்னலைப் பார்த்தேன். போன் அடித்தால் எடுக்கத் தோன்றாது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் கை கழுவும்போது பார்ப்பேன், என் உள்ளங்கை சுத்தமாக இருக்கும். பக்கத்துக் குழாயில் நாச்சிமுத்து மணிக்கட்டு வரை நீலமாக நின்று சோப்புப் போட்டுக்கொண்டிருப்பார்.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

ஜமீலாவிடமும் அண்ணனிடமும் சொன்னேன். நான் செய்யப்போவதைச் சொல்லி, உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

“உங்களுக்கு மட்டும் குடும்பம் இல்லயாக்கா?” என்றாள் ஜமீலா.

அண்ணன் எழுந்தார். நிவேதனிடம் போய்ப் புதுப் பாஸ்வேர்டு வாங்கிவந்தார். மறக்காமல் இருக்க உள்ளங்கையில் மார்க்கரால் எழுதிக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

எழுதிக் கொடுக்கச் சொன்ன பேப்பரைக் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் எல்லாக் கிளைகளும் பார்க்கும் இடத்தில் ஓர் அட்டை திறந்தேன். தலைப்பு: ‘நாச்சிமுத்து டீக்குப் போகவில்லை.’ கீழே இப்படி எழுதினேன்.

“நாச்சிமுத்து அவர்களின் பெயரில் ஜூனில் முடிந்த புகார்கள் எதையும் அவர் முடிக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் மனைவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் வேலையை நான் செய்தேன். அவர் போவது எனக்குத் தெரியும். நான்தான் போகச் சொன்னேன். ஒரு விவசாயியின் மோட்டாரும் இதனால் ஒரு நாள்கூடக் கூடுதலாக நிற்கவில்லை. நட்சத்திரப் பரிசைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வேலையை எடுக்காதீர்கள். எடுப்பதென்றால் முதலில் என் வேலையை எடுங்கள். கோகிலவாணி, சர்வீஸ் பிரிவு.”

அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தேன். அழுத்தினேன்.

உடனே ஜமீலா கீழே எழுதினாள்: “நானும் செய்தேன்.” அதற்கப்புறம் ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. ‘ஆரோக்கியசாமி எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று மட்டும் திரையில் வந்து வந்து மறைந்தது. ஓசூரும் மதுரையும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். கடைசியில் வந்தது: “அதிகம் செய்தது நான். ஆரோக்கியசாமி.” அவர் சொந்தப் பெயரில் அந்தச் சாஃப்ட்வேரில் எழுதிய முதல் வரி.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. பிறகு ஓசூர் ஸ்டோரிலிருந்து ஒருவர் எழுதினார்: “எங்கள் பிரிவிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டோம்.” மதுரையிலிருந்து: “இங்கே ரெண்டு பேர்.” எங்கள் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியிலிருந்து: “போன வருஷம் அது நான்தான்.” அந்த ரெண்டாவது இடத்துக்காரர், பாவப்பட்ட மனுஷன், எழுதினார்: “முதல் பரிசு எனக்கு வேண்டாம்.”

சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தது. நான் ஒவ்வொன்றையும் படித்தேன். மனம் நிறைந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஜூலை 14, திங்கள்

“அந்தக் கார்ட டெலீட் பண்ணுங்க,” என்றார் ஜி.எம்.

“முடியாதுங்க சார்.”

நிவேதனைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார். நிவேதன் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கார்டு ஓப்பன் பண்ணவங்க மட்டும்தான் டெலீட் பண்ண முடியும் சார். சிஸ்டம் அப்படி.”

உதவிப் பக்கத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. நிவேதனைப் போன்ற நிர்வாகி எதையும் அழிக்கலாம், பன்னிரண்டாவது தலைப்பு. எனக்கெதற்கு வம்பு? வெளியே வந்ததும் நிவேதனுக்கு எதிர்ப் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பற்றி ரெண்டு பேரும் பேசவில்லை.

ஜூலை 17, வியாழன், ஆடி ஒன்று

காற்று ஆளைத் தூக்குகிறது. ஆடிப்பட்டத்துக்கு எல்லாரும் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பார்கள், போன் ஓயாது. இந்த நேரத்தில் எங்கள் பிரிவைக் காலி செய்ய யாருக்கும் தைரியம் வராது என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அது தப்பவில்லை.

முடிவு வந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்குச் செப்டம்பர் முடிய விசேஷ லீவு, சம்பளம் கிடையாது. வேலை இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும். எங்கள் மூவருக்கும் இந்த வருஷ இன்கிரிமெண்ட் கிடையாது. மூவரும் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும்.

இன்கிரிமெண்ட் போனால் போகட்டும். நறுமுகைக்கு லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இந்த வருஷம் முடியாது என்று சொன்னபோது, “பழசே போதும்மா,” என்றாள். அதோடு எழுந்து போய்க் கிரைண்டரைக் கழுவினாள்.

ஜூலை 18, வெள்ளி

மன்னிப்புக் கடிதத்துக்குப் பதிலாக நான் கொடுத்தது:

“செய்தேன். மறுபடி நேர்ந்தால் மறுபடி செய்வேன். அடுத்த தடவை அவர் பெயரில் அல்ல, என் பெயரிலேயே செய்வேன். அதற்குச் சாஃப்ட்வேரில் ‘இவருக்காக இவர்’ என்று ஒரு கட்டம் சேர்த்துக் கொடுக்கவும். எப்படிச் சேர்ப்பது என்பதை இணைத்திருக்கிறேன்.”

ஜமீலாவும் அண்ணனும் அதன் அடியிலேயே கையெழுத்துப் போட்டார்கள். ஜி.எம். படித்துவிட்டு, “இது மன்னிப்பு இல்ல,” என்றார்.

“இல்லைங்க,” என்றேன்.

டிராயரில் போட்டுப் பூட்டினார். திரும்பக் கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஓசூரில் அந்தக் கட்டத்தை அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்களாம். நிறங்களைப் போலவே இதையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். நிவேதன் வந்து சொல்லிவிட்டுப் போனார். நல்ல பிள்ளை. இதை நான் அவரிடம் சொல்லப் போவதில்லை.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் போன் மேல் போன். ஒரு சூலூர்க்காரர் மோட்டாருக்குப் பதிலாக என்னையே திட்டினார். திட்டி முடித்ததும், “சாப்புட்டீங்களாம்மா?” என்று கேட்டார். ஜி.எம். ஒரு தடவை எட்டிப் பார்த்து, “கோகிலா, அந்தக் கார்டு இன்னும் ‘நடக்கிறது’லயே நிக்குதே. அதையாவது ‘முடிந்தது’க்குத் தள்ளிடுங்க. ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க,” என்றார்.

“இன்னும் நடக்குதுங்க சார்,” என்றேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரம் கழித்து அந்த அட்டையின் அடியில் ஒரு புது வரி வந்தது. நாச்சிமுத்துவின் பெயர், பக்கத்தில் பச்சைப் புள்ளி. நான் திரும்பி அவர் மேஜையைப் பார்த்தேன். துண்டு மட்டும்தான் தொங்கியது. ஜமீலா அவள் இடத்தில் இருந்தாள், அண்ணன் அவர் இடத்தில் இருந்தார். எங்களில் யாரும் கை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து போனில் அவரே உள்ளே வந்திருக்கிறார்.

“சிவகாமி இன்னைக்கு டீ குடிச்சாளுங்க. மூணு ஸ்பூன். இருமல் வரலீங்க.”

ஜமீலா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். நான் அழவில்லை என்று எழுதினால் இந்த நோட்டுக்கே பொறுக்காது.

ஆரோக்கியசாமி அண்ணன் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. அண்ணன் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் காத்திருந்தோம். மூன்று கிளைகளும் காத்திருந்தன.

“எந்த பேக்கரி டீ?”

அட்டை ‘நடக்கிறது’ கட்டத்தில்தான் இருக்கிறது. நாச்சிமுத்து வந்து அவர் நாற்காலியில் உட்காரும் வரை அதை நான் தள்ள மாட்டேன். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும்.